மாணவர் தரும் புள்ளி: கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் முடியும் நேரத்தில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கல்லூரி மாணவர்களின் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வந்து சேரும். விரிவுரையாளருக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும். சில இடங்களில் அதை நிரப்பினால்தான் தேர்வு முடிவையே பார்க்க முடியும். பாடத்துக்கு ஒன்று என்று ஐந்தாறு படிவம். எல்.ஆர்.டி. ரயிலில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் நான்கு நான்காகத் தட்டிவிட்டுப் போகிற மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒருவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தால், அது அநியாயம்.

அதிகப் புள்ளி வாங்கியவர்தான் நன்றாகக் கற்பித்தவர் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய தவறு. 1981இல் பீட்டர் கோஹன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விரிவுரையாளர் பெறும் புள்ளிக்கும் மாணவர் கற்றதற்கும் ஓரளவு தொடர்பு உண்டு என்றார். நெடுங்காலம் அதுவே ஆதாரமாக நின்றது. 2017இல் பாப் உட்டில் குழுவினர் பழைய ஆய்வுகளையும் பின்னால் வந்தவற்றையும் மறுபடி அலசினார்கள். தொடர்பைப் பெரிதாக்கிக் காட்டியவை சிறிய ஆய்வுகள்தான். பெரிய ஆய்வுகளில் அப்படி ஒன்றும் தென்படவில்லை.

இன்னும் யோசிக்க வைப்பது அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்த ஆய்வு. அங்கே யார் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பதை மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கல் முறையில்தான் ஒதுக்குவார்கள். ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட முடிவு இது: நல்ல புள்ளி வாங்கிய ஆசிரியரின் மாணவர்கள் அந்தப் பாடத்தின் தேர்வில் நன்றாகவே செய்தார்கள், ஆனால் அதைத் தொடர்ந்து வரும் மேல்நிலைப் பாடத்தில் பின்தங்கினார்கள். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் வேறொன்று தெரியவந்தது. கணக்குகளைக் குழுவாகத் தாங்களே போட்டுப் பார்த்த மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தடங்கலில்லாத விரிவுரையைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். மாணவர் பொய் சொல்லவில்லை. மூளை திணறும்போது, ஒன்றும் ஏறவில்லை என்றே தோன்றும். கஷ்டமான பயிற்சி கொடுக்கும் விரிவுரையாளர் புள்ளிக்குப் பயந்து அதை விட்டுவிட்டால் நஷ்டம் மாணவருக்குத்தான்.

அடுத்தது சராசரி. பன்னிரண்டு பேர் வகுப்பில் ஐந்து பேர் படிவத்தை நிரப்புகிறார்கள் என்று வையுங்கள். நால்வர் ஐந்து போடுகிறார்கள், ஒருவர் ஒன்று போடுகிறார். சராசரி 4.2. துறையின் சராசரி 4.35 என்றால் இவர் ‘சராசரிக்குக் கீழ்’ ஆகிவிடுகிறார். அந்த ஒருவர் அன்று படிவத்தை நிரப்பாமலே இருந்திருந்தால் முழுப் புள்ளி. இப்படி ஒருவர் விரல்பட்டதில் மாறிவிடும் எண்ணுக்கு இரண்டாம் தசமம் வரை மரியாதை தருவதில் அர்த்தமே இல்லை. எத்தனை பேர் என்ன போட்டார்கள், எத்தனை பேர் போடவே இல்லை என்று பிரித்துக் காட்டுங்கள். சராசரியை எடுத்துவிடுங்கள்.

பால் சார்பையும் மறக்கக் கூடாது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இணையவழி வகுப்பு நடத்திய இருவர் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் பாடம் எடுத்தார்கள். வேலையைத் திருத்தி எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியும், உரிய நேரத்தில் திருப்பித் தந்தாரா என்ற கேள்விக்கே பெண் பெயருக்குக் குறைவாகப் புள்ளி கிடைத்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் நம் கல்லூரிகளில் இளம் பெண் விரிவுரையாளர்களின் படிவங்களை வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. புடவை, குரல், ‘சிரிக்க மாட்டார்’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். பாடத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. அத்தகைய வரிகளைத் துறைத் தலைவரே நீக்கிவிட்டுக் கொடுப்பது நல்லது.

கேள்விகளும் கோணல். ‘விரிவுரையாளர் துறைப் புலமை மிக்கவர்’ என்பதை முதலாண்டு டிப்ளோமா மாணவர் எப்படிச் சொல்வார்? நேரத்துக்கு வகுப்பு தொடங்கியதா, திருத்திய வேலை குறிப்போடு திரும்பி வந்ததா, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே தெரிந்ததா: இவற்றுக்கு மாணவரே நேரடிச் சாட்சி. அவரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

நம் சூழலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, தனியார் கல்லூரியில் ஆங்கிலத்தில் கணக்கியல் படிக்க வரும் பிள்ளை ‘விளக்கம் தெளிவாக இல்லை’ என்று இரண்டு போடலாம். அங்கே தடுக்கியது விளக்கமா, கலைச்சொல்லா? படிவம் சொல்லாது. முதல் வாரத்திலேயே கலைச்சொற்களை மலாய்ச் சொல்லோடு சேர்த்து ஒரு தாளில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அது தேவை என்று தெரியவே செமஸ்டர் முடிய வேண்டியிருக்கிறது. இன்னொன்று, எட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் பெயர் போடாவிட்டாலும் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஐயா மனம் நோகக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் அங்கே ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, மனக்குறையை வாட்ஸ்அப் குழுவில்தான் கொட்டுவார்கள்.

அதனால்தான் பதினான்கு வார செமஸ்டரின் கடைசியில் கேட்பதை நான் வீண் என்கிறேன். அந்த மாணவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஐந்தாம் வாரத்தில் கேளுங்கள். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம், ஆளுக்கு அரைத்தாள், இரண்டே கேள்வி: நீங்கள் கற்க எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது? விரிவுரையாளர் வெளியே போய்விட வேண்டும். சக ஆசிரியர் ஒருவர் தாள்களை வாங்கி, திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தொகுத்துத் தர வேண்டும். ‘ரொம்ப வேகம்’ என்று ஒன்பது தாளும் ‘ரொம்ப மெதுவு’ என்று இரண்டு தாளும் வந்தால் என்ன செய்வது என்று குழம்ப வேண்டியதில்லை. அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லிவிடுங்கள். வாராந்தர வினாவிடை பிடிக்கவில்லை என்று பலர் எழுதியிருந்தாலும் அதை நிறுத்தாமல் காரணம் சொல்லலாம். சொன்னது காதில் விழுந்தது என்று தெரிந்தால் மாணவர் அடுத்த முறை பொறுப்போடு எழுதுவார்.

பதவி உயர்வுக்கு? 2018இல் டொராண்டோவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் நடுவர், கற்பித்தல் திறனை அளக்க இந்தப் புள்ளிகளைப் பதவி உயர்வில் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். பாடத்திட்டம், தேர்வுத்தாள், திருத்திய மாணவர் வேலை, சக ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து எழுதிய குறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மாணவர் கருத்தையும் அவற்றோடு வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, அறிக்கையை மின்னஞ்சலில் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். 1980லேயே கோஹன் இன்னொரு தொகுப்பாய்வில் காட்டியது இது: எண்களை மட்டும் கொடுத்தால் முன்னேற்றம் சொற்பம்; அனுபவமுள்ள ஒருவர் கூட உட்கார்ந்து பேசினால் பலன் தெரிகிறது. அரை மணி நேரம் போதும். ஒப்பந்தம் பற்றிய பேச்சை மட்டும் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால், விரிவுரையாளர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார்.