மைல் சேர்ந்துவிட்டது, ஃபர்ஸ்ட் கிளாஸில் போகலாமா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் புள்ளித் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் கணக்கில், டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் மைல் புள்ளிகள் ஒன்றரை லட்சம் சேர்ந்ததும், சிங்கப்பூரில் இருக்கும் நம்மில் பலருக்கு ஒரே நினைப்புதான்: ஒரு தடவையாவது ஃபர்ஸ்ட் கிளாஸில் போய்ப் பார்த்துவிட வேண்டும். ஆசைப்படுவதில் தப்பில்லை. கணக்குப் போடும்போதுதான் சறுக்கிவிடுகிறோம்.

டிக்கெட் விலையை மைலால் வகுத்துப் பார்த்துப் பூரித்துப்போவதுதான் பெரிய சறுக்கல். ஒரு பேச்சுக்கு, டிக்கெட் 9,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மைலில் 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைலுக்கு 6 காசு கிடைத்துவிட்டதாக நண்பர்களிடம் பெருமையடிப்போம். ஆனால் மைல் இல்லாவிட்டால் அந்த 9,000 வெள்ளியைக் கையிலிருந்து கொடுத்திருப்போமா? 900 வெள்ளி எகானமியில்தான் போயிருப்போம். அப்படியானால் மிச்சமானது 900 வெள்ளிதான், மைலுக்கு 0.6 காசு. மீதியெல்லாம் சொகுசுக்குக் கொடுத்த விலை. அந்தச் சொகுசுக்கு நீங்கள் மனசார எவ்வளவு தருவீர்கள் என்பதுதான் கேள்வி. 2,000 வெள்ளி தருவேன் என்றால் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் பிசினஸ் கிளாஸுக்கு எத்தனை மைல் என்றும் பாருங்கள். நீண்ட தூர விமானங்கள் பலவற்றில் அங்கேயும் காலை நீட்டிப் படுக்கலாம்.

அடுத்தது, எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் பதிவது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கதவு மூடும் சூட்ஸ் அறைகள் இருப்பது ஏ380 என்ற இரட்டைத் தள விமானத்தில்தான். மேல்தளத்தில் மொத்தமே 6. அதே நிறுவனத்தின் 777-300இஆர்-இல் இருப்பது சாதாரண ஃபர்ஸ்ட் கிளாஸ், 4 இருக்கை. எமிரேட்ஸில் குளியலறையும் ஏ380-க்கு மட்டும்தான். ஊரெல்லாம் ஷவர் என்று சொல்லிவிட்டு 777-இல் ஏறியவர்கள் உண்டு.

நேரத்தில் கோட்டைவிட்டவன் நான். நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் ஆறு மணி நேர விமானம். லவுஞ்சில் ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டாயிற்று. கொடுத்த பைஜாமாவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சூப் வருவதற்குள் தூங்கிவிட்டேன். எழுப்பியபோது விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பைஜாமா இன்னும் அலமாரியில் இருக்கிறது. இரண்டு வருடச் சேமிப்பு அதுதான். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றால் பகலில் கிளம்பும் நீண்ட பயணமாகப் பாருங்கள்.

இருக்கை இருக்கிறதா என்று பார்க்காமலே கிரெடிட் கார்டு புள்ளிகளை மைலாக மாற்றுவது இன்னொரு வம்பு. மாற்றினால் மாற்றியதுதான், பொதுவாகத் திரும்ப வராது. மைல் வந்து சேரச் சில நாள் ஆகலாம். அதற்குள் இருக்கை போய்விடும். முதலில் இருக்கை, பிறகு மாற்றம். தம்பதியாகப் போகிறீர்கள் என்றால் இரண்டு இருக்கை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் கிடைத்து, யார் முன்னால், யார் பின்னால் என்று வீட்டில் பஞ்சாயத்து வேண்டாம். வரி, கூடுதல் கட்டணத்தையும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிடுங்கள். சில நிறுவனங்களில் அதுவே ஒரு எகானமி டிக்கெட் அளவுக்கு வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, இப்போது தொடவே வேண்டாம், பூட்டி வைப்போம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. தங்கம் என்றால் வைத்திருக்கலாம், என்றைக்காவது ஏறும். மைல் ஏறாது. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் 3 வருடம். 2022 ஜூலையிலும் 2025 நவம்பரிலும் டிக்கெட்டுக்கு வேண்டிய மைலை உயர்த்தினார்கள். எமிரேட்ஸ் 2025 மே மாதத்தில், தன் திட்டத்தில் சில்வர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள உறுப்பினர்களுக்கு மட்டுமே மைலில் ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் என்று மாற்றியது. ஐந்து வருடத் திட்டமெல்லாம் இதில் செல்லாது.

நான் ஒன்றை மட்டும் விட்டு வைக்கிறேன்: இரண்டு பேர் எகானமியில் சென்னை போய்வரும் அளவு மைல். பெரியப்பா தவறிய அன்று, மறுநாள் காலை விமானத்துக்கு எகானமி டிக்கெட்டே வழக்கத்தைவிட மூன்று மடங்கு விலை. மைலில் இரண்டு இருக்கை வழக்கமான கணக்கிலேயே கிடந்தது. காரியங்களில் ஒரு வேலை விடாமல் செய்துவிட்டு, பதினோராம் நாள் திரும்பினோம்.