கோலகோஸ்கி தொடர்வரிசை: கையாலேயே எழுதிப் பார்க்க

கட்டம் போட்ட தாள், பென்சில், ரப்பர். வேறெதுவும் வேண்டாம்.

இந்தத் தொடர்வரிசையில் வருபவை 1, 2 இரண்டே எண்கள். அடுத்தடுத்து நிற்கும் ஒரே எண்களைக் கொத்து என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கொத்திலும் எத்தனை எண்கள் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போனால், கிடைப்பதும் அதே தொடர்வரிசைதான். 1965-இல் இதை ஒரு புதிராக வெளியிட்டவர் வில்லியம் கோலகோஸ்கி. 1939-லேயே கணிதவியலாளர் ஓல்டன்பர்கர் இதைத் தொட்டுவிட்டார் என்றாலும் பெயர் கோலகோஸ்கிக்கே நிலைத்தது.

முதலில், கட்டத்துக்கு ஒன்றாக 1 2 2 எழுதுங்கள். வெறும் 1-ஐ எழுதிவிட்டு விதியைத் தேடினால் இரண்டாம் கட்டத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள், படிக்க அங்கே எண்ணே இருக்காது. முதல் உறுப்பு 1, எனவே முதல் கொத்தில் ஒரே ஒரு 1. அடுத்தது 2 ஆகத்தான் இருக்க முடியும். அந்த 2-தான் தன் கொத்தின் நீளத்தையும் சொல்கிறது: 2 2.

இனி விரலை மூன்றாம் கட்டத்தில் வையுங்கள். விரலடியில் உள்ள எண் 'எத்தனை' என்று மட்டும் சொல்லும். 'எதை' என்பதைக் கட்டத்தின் இடம் சொல்லும்: ஒற்றைப்படை இடமானால் 1, இரட்டைப்படையானால் 2. எழுதியதும் விரல் ஒரே ஒரு கட்டம் நகர வேண்டும்.

3-ஆம் கட்டம் (2): 1 2 2 1 1
4-ஆம் கட்டம் (1): 1 2 2 1 1 2
5-ஆம் கட்டம் (1): 1 2 2 1 1 2 1
6-ஆம் கட்டம் (2): 1 2 2 1 1 2 1 2 2

7, 8 இரண்டையும் நீங்களே முடித்தால் 1 2 2 1 1 2 1 2 2 1 2 2 வர வேண்டும்.

பலரும் சறுக்குவது 4-ஆம் கட்டத்தில். அங்கே 1 இருப்பதைப் பார்த்து 1-ஐயே எழுதிவிடுவார்கள். வால் 1 1 1 ஆகிவிடும். கொத்தின் நீளம் 2-ஐத் தாண்டாது, ஆகவே ஒரே எண் மூன்று முறை தொடர்ந்து வந்தால் அழித்துவிட்டுப் பின்னால் போங்கள். 1 2 1 2 1 வந்தாலும் தவறுதான்: நடுவில் உள்ள மூன்று கொத்துகளின் நீளமும் 1, அப்படியானால் தொடர்வரிசையில் வேறெங்கோ 1 1 1 இருக்க வேண்டும்.

விரல் ஒரு கட்டம் தாண்டிவிட்டால்? ஒற்றை-இரட்டை விதியைப் பிடித்திருந்தால் அடுத்தடுத்து ஒரே எண்ணை எழுத நேரும், பெரும்பாலும் மூன்றாகத் தெரிந்துவிடும். விட்டுப்போன கட்டத்துக்கு முந்தைய கட்டத்திலும் அடுத்த கட்டத்திலும் 1 இருந்தால் மட்டும் கண்ணுக்குத் தப்பும். அதற்காகத்தான் பத்துப் பன்னிரண்டு உறுப்புக்கு ஒருமுறை கொத்துகளின் நீளத்தை எண்ணி, தொடக்கத்தோடு ஒப்பிடச் சொல்வது.

முதல் 20 உறுப்புகளில் 1 எத்தனை என்று எண்ணுங்கள்: சரியாக 10. முடிவில்லாமல் போனாலும் பாதிக்குப் பாதிதானா என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை. எந்த எண்ணின் பங்கும் நீண்ட ஓட்டத்தில் 0.50084-ஐத் தாண்டாது என்பதுவரை கணிதவியலாளர் ஹ்வாட்டல் காட்டியிருக்கிறார். அடுத்த தாளில் 2-ஐ வைத்துத் தொடங்கிப் பாருங்கள்: முதல் 1 மட்டும் உதிர்ந்த இதே தொடர்வரிசை வரும்.