ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

டேஷ்போர்டில் ஸ்டியரிங் சக்கரத்தின் படமும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் எரிகிறது. சில கார்களில் படத்துக்குப் பதிலாக இபிஎஸ் என்ற எழுத்துகள் வரும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கின் கன்ட்ரோல் யூனிட் ஏதோ தவறைக் கண்டு, மோட்டார் தரும் உதவியைக் குறைத்துவிட்டது அல்லது நிறுத்திவிட்டது என்பதுதான் இதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்பதை விளக்கு சொல்லாது. அதைப் பார்த்த கையோடு மோட்டாரையோ, டயர்களைத் திருப்பும் பல்தண்டான ரேக்கையோ மாற்றினால் பெரிய செலவு வீணாகலாம். பேட்டரி பலவீனமாக இருந்தாலே இந்த விளக்கு எரியும்.

சாவியைத் திருப்பியதும் எரிவது பல்பு சோதனை, அதில் கவலை இல்லை. இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைந்துவிட வேண்டும். சாவி போட்டபோது எரியவே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்: விளக்கு கெட்டிருந்தால் அடுத்த முறை கோளாறு வரும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

உள்ளே நடப்பது இதுதான். ஸ்டியரிங் தண்டில் சற்றே முறுக்கிக்கொள்ளும் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது எவ்வளவு முறுக்குகிறது என்பதை டார்க் சென்சார் அளக்கிறது. அதோடு வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கன்ட்ரோல் யூனிட் முடிவு செய்கிறது. நின்ற இடத்தில் ஒடிக்கும்போது அதிக உதவி, வேகமாகப் போகும்போது குறைந்த உதவி. இதில் ஆயிலும் இல்லை, இன்ஜினோடு சேரும் பெல்ட்டும் இல்லை. ஆகவே பானெட்டுக்குள் ஸ்டியரிங் ஆயில் டப்பா இருந்தால் உங்களுடையது ஹைட்ராலிக் அல்லது மின்பம்பு வைத்த கலப்பு வகை. அதற்கு முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். கீழே சொல்வதில் பாதிதான் அதற்குப் பொருந்தும்.

ஓடும்போது எரிந்தால்

ஸ்டியரிங் முழுசாகக் கைவிடாது. ஸ்டியரிங் சக்கரத்துக்கும் டயருக்கும் இடையே இரும்புத் தண்டின் இணைப்பு அப்படியே இருக்கிறது. போனது மோட்டாரின் உதவி மட்டுமே. நேர் சாலையில் நல்ல வேகத்தில் வித்தியாசமே தெரியாமல்கூட இருக்கலாம். ஆபத்து வளைவின் நடுவில்தான்: கை எதிர்பார்க்காத நேரத்தில் ஸ்டியரிங் திடீரென டைட்டாகும். இரண்டு கைகளாலும் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டுங்கள். இன்ஜினை அணைத்து ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி கிளப்பிப் பாருங்கள். விளக்கு அணைந்துவிட்டால் தற்காலிகக் கோளாறு, ஆனாலும் சோதிக்க வேண்டியதே.

மஞ்சள் நிறத்தில் எரிந்து ஸ்டியரிங் இலகுவாகவே இருந்தால், மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். சிவப்பு என்றால், அல்லது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தால், உதறினால், நடுவில் சிக்கினால் ஓட்டாதீர்கள். தானாக இழுப்பது டார்க் சென்சார் தவறான அளவைக் கொடுப்பதால் வரலாம். அப்போது மோட்டார் உங்களுக்கு எதிராகவே தள்ளும்.

கூட எரியும் விளக்குகளையும் பாருங்கள்

பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. ஸ்டியரிங்கைத் தொடாமல் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் விளக்கு சேர்ந்தால் சக்கர வேக சென்சார் மீது சந்தேகம். வேகம் தெரியாமல் கன்ட்ரோல் யூனிட் ஒரே நிலையான உதவியைக் கொடுக்கும், அல்லது விலகிவிடும். வண்டி வழுக்குவதைத் தடுக்கும் ஈஎஸ்பி விளக்கு சேர்ந்தால், ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கோண சென்சார் மீது சந்தேகம். இன்ஜின் அணைந்து எல்லா விளக்கும் ஒன்றாக வந்தால் அது விளைவு மட்டுமே, காரணம் வேறிடம். தனியாக எரிந்தால்தான் மோட்டார், டார்க் சென்சார், ஃபியூஸ், கனெக்டர் பக்கம் போக வேண்டும்.

பேட்டரியும் எர்த்தும்

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நின்ற இடத்தில் முழுசாக ஒடிக்கும்போது இந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட்டும் ரேடியோவும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதால் பேட்டரி நன்றாக இருப்பதாக நினைக்க முடியாது.

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு அளங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் அருகே இருக்கும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை வர வேண்டும். புதிய வண்டிகள் சில நேரம் வேண்டுமென்றே குறைத்து வைக்கும், அதனால் ஹெட்லைட்டைப் போட்டு அளப்பது நல்லது. பிறகு வேறொருவரை ஸ்டியரிங்கை இருபுறமும் ஒடிக்கச் சொல்லுங்கள். அப்போது 12-க்குக் கீழே சரிந்தால் காரணம் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டுக்குப் பக்கத்தில் வெறும் இரும்பிலும் வைத்து, மறுபடி ஒடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில் துரு அல்லது தளர்வு. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றிச் சுத்தம் செய்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள்.

இந்த மோட்டாருக்குத் தனியாகப் பெரிய ஃபியூஸ் உண்டு. பல கார்களில் 60 முதல் 80 ஆம்பியர் வரை, போல்ட் போட்டு முடுக்கிய வகை. ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ் மைனஸ் மாறினால் போவதில் இதுவும் ஒன்று. அதே அளவில்தான் மாற்ற வேண்டும். ஒரு முறை மாற்றியும் மறுபடி போனால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. மூன்றாவது ஃபியூஸ் வாங்காதீர்கள்.

கோளாறு இல்லாமலும் எரியலாம்

நெருக்கமான இடத்தில் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி, திரும்பத் திரும்ப முழுசாக ஒடித்தால் மோட்டார் சூடாகும். தன்னைக் காத்துக்கொள்ள கன்ட்ரோல் யூனிட் உதவியைக் குறைக்கும். சில வண்டிகள் விளக்கையும் போடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் உதவி திரும்பிவிடும். கடைசி முனை வரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடிக்கும் பழக்கம்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு எரிந்தால், கோண சென்சார் நேர் நிலையை மறந்திருக்கலாம். பல கார்களில் இன்ஜினை ஓடவிட்டு இடது முனை, வலது முனை, பின் நேராக என்று ஒடித்துக் கொஞ்சதூரம் நேராக ஓட்டினால் போதும். சிலவற்றுக்கு, வண்டியின் யூனிட்டுகளோடு பேசும் கருவியான ஸ்கேனரில் பூஜ்ய அளவு பதிய வேண்டும். வீல் அலைன்மென்ட் செய்தபின் வந்தாலும் இதே வேலைதான்.

கோளாறு கோடு (code) படிப்பது

கோளாறைக் கண்ட யூனிட் அதை ஒரு குறியீட்டு எண்ணாக, அதாவது கோடாக, பதிந்துவைக்கும். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே காட்டும். அதில் எதுவும் வரவில்லை என்றால் கோளாறு இல்லை என்று பொருளாகாது. சேஸிஸ் பகுதியையும் ஸ்டியரிங் யூனிட்டையும் படிக்கக்கூடியது வேண்டும். யு0131 வந்தால் ஸ்டியரிங் யூனிட்டோடு மற்ற யூனிட்டுகளுக்குத் தொடர்பு அறுந்திருக்கிறது: மின்சாரம், எர்த், கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டார் கீழே ரேக்கில் இருக்கும் வண்டி தண்ணீரில் போயிருந்தால் கனெக்டரைக் கழற்றி, முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. கோடுகளை அழிப்பதற்கு முன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சூழலில் வந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிந்துபோகும்.

மோட்டார் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் வகையில் டேஷ்போர்டுக்குக் கீழே கை வைப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஏர்பேக் ஒயர் அங்கேதான் போகிறது.

விளக்கு எரியாமல் ஸ்டியரிங் டைட்டாக இருந்தால் இதெல்லாம் தேவையில்லை. முன் டயர் காற்றைப் பாருங்கள், அடுத்து தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட், பால் ஜாயின்ட், சஸ்பென்ஷன் மேல் பேரிங். இவை இறுகுவதைக் கவனிக்க சென்சார் எதுவும் கிடையாது.