பழைய பிக்கப்பில் கியர் பாக்ஸும் கிளட்சும் மாற்றுவது: வீட்டு வாசலில் இரண்டு நாள் வேலை

சேலத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியரில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, கேபினுக்குள் கயிறு கருகின மாதிரி ஒரு வாடை. ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து மேலே வந்து சேர்ந்தேன். இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் கர்ரென்று உராய்வதும், ஐந்தாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவதும் ஏற்கெனவே இருந்த வியாதி. மாம்பழ சீசன் வேறு நெருங்கிவிட்டது, பட்டறைகளில் எல்லாம் வரிசை. சரி, காரிமங்கலத்தில் வீட்டு வாசலில் சிமெண்ட் தளம் இருக்கிறது, மச்சான் இருக்கிறான், நாமே இறக்கிவிடலாம் என்று துணிந்தேன். கிளட்ச் பிளேட் ஒன்றை மட்டும் மாற்றினாலும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அதனால் இரண்டையும் சேர்த்தே முடிப்பதுதான் லாபம்.

நான் சொல்வது முன்னால் இன்ஜின், பின் சக்கரம் ஓட்டும் வண்டிகளுக்கு. பொலிரோ பிக்கப், டாடா 207 போன்ற பழைய வண்டிகள் எல்லாம் இந்த வகைதான். போல்ட் அளவும் இறுக்க வேண்டிய டார்க்கும் வண்டிக்கு வண்டி மாறும், அதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். வேலையின் வரிசை மாறாது.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்காவது கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது. இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருப்பதும் கருகிவிடும்.

அப்புறம் சத்தம். நியூட்ரலில் காலை எடுத்தால் உறுமல், பெடலை மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங். நேர் எதிராக, மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதித்ததும் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். இரண்டாவது கியரில் உராய்வது பெரும்பாலும் சின்க்ரோ ரிங் (கியர்கள் உராயாமல் சேர, வேகத்தை ஒத்துவரச் செய்யும் வளையம்) தேய்மானம், ஆனால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் இருந்தாலும் அதே உராய்வு வரும். அதனால் கியர் பாக்ஸ் வாங்க ஓடுவதற்கு முன் கேபிளையும், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் ஆயிலையும் பாருங்கள். ஐம்பது பைசா கோளாறுக்கு கியர் பாக்ஸ் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பழைய கியர் பாக்ஸ் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றிய கியர் பாக்ஸ் கிடைக்கும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் பழைய கிளட்ச் பிளேட் கையில் இருந்தால் அதை அந்த ஷாஃப்ட்டில் போட்டுப் பார்ப்பதுதான் நல்ல சோதனை, பல்லின் எண்ணிக்கையும் தடிமனும் ஒத்துப்போனால்தான் பிளேட் உள்ளே போகும். முன் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், லேசான ஆட்டம் இயல்பு, கடகடவென்று ஆடினால் வேண்டாம். எல்லா கியரும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கையால் சுற்றுங்கள். டிரெயின் பிளக்கைத் திறக்கச் சொல்லி விரலில் கொஞ்சம் ஆயிலைத் தேய்த்துப் பாருங்கள்: மாவு மாதிரி மினுமினுப்பு இருந்தால் பரவாயில்லை, நெல் உமி அளவுக்குத் துண்டு துண்டாக வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கிளட்ச் பக்கம் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், முன் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் நான்கையும் செட்டாக மாற்றுங்கள். பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று மிச்சம் பிடித்தால் மூன்று மாதத்தில் மறுபடி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிவரும்.

இறக்குவது

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், செல்ப் மோட்டாரைத் தொடப்போகிறோம். வண்டியைத் தூக்கி நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். இன்னொன்று, கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு வண்டி கியரில் இருந்தாலும் உருளும். கட்டை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கேபினுக்குள் கியர் ராடைக் கழற்றி, ஓட்டையில் துணி திணியுங்கள். அடியில் வந்து ஆயிலை வடிப்பதற்கு முன் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்துத் திறக்காமல் போகலாம். ஆயிலை வடித்துவிட்டு அது திறக்கவில்லை என்று அப்போது கண்டுபிடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வாங்கி வந்த கியர் பாக்ஸுக்கும் இதே சோதனையைத் தரையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் இருக்கும் ஃப்ளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) இரண்டிலும் பெயிண்டால் ஒரே கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள், திரும்ப அதே கோட்டில் மாட்டாவிட்டால் வேகத்தில் வண்டி உதறும். பிறகு ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், செல்ப் மோட்டார், கிளட்ச் கேபிள். ஹைட்ராலிக் என்றால் ஸ்லேவ் சிலிண்டரை (கிளட்சை விடுவிக்கத் தள்ளும் சிறிய சிலிண்டர்) ஹோஸோடு சேர்த்து ஓரமாகக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அது கழன்று கிடக்கும்போது கேபினில் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். என் மகன் ஸ்டீயரிங் பிடித்து விளையாட ஏறினான், சாவியையும் அவனையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன்.

இன்ஜின் சம்புக்கு (ஆயில் தொட்டி) அடியில் பலகை வைத்து ஒரு ஜாக்கி, கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி. இரண்டும் நின்ற பிறகுதான் பின்னால் கியர் பாக்ஸைத் தாங்கியிருக்கும் கிராஸ் மெம்பரை, அதாவது குறுக்குச் சட்டத்தை, எடுக்க வேண்டும். இன்ஜினின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடி, கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் கூடு) மேல் போல்ட்டுகளுக்கு நீளமான எக்ஸ்டென்ஷன் எட்டும். தாழ்த்தும்போது முன்னால் ஃபேன் ரேடியேட்டர் கூட்டில் இடிக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகள் பல நீளத்தில் இருக்கும். ஓர் அட்டையில் வட்டமாக வரைந்து, எங்கிருந்து எது வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். கடைசி இரண்டை எடுக்கும் முன், எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளில் தலை வெட்டிய நீளமான போல்ட்டுகளைத் திருகிவிடுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் உடனே வெட்டித் தருவார்கள். இந்த இரண்டு கம்பிகள்தான் கியர் பாக்ஸுக்குத் தண்டவாளம், இறக்கும்போதும் ஏற்றும்போதும் அதன் மேலேயே நேராக நகரும். தனி ஆளாகத் தாங்குகிற எடை இல்லை, ஜாக்கியில் சங்கிலியோ பெல்ட்டோ போட்டுக் கட்டிவிட்டு, இரண்டு பேராக நேர் பின்னால் இழுங்கள். ஷாஃப்ட் பிளேட்டை விட்டு முழுதாக வெளியே வரும்வரை கீழே சாய விடாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

இப்போது தெரிவது கறுப்புத் தூசி. ஏர் அடித்து ஊதாதீர்கள், பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. முகத்தைக் கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் அழுத்தத்தில் கவர் வளையும். எடுத்ததும் பின்னால் இருக்கும் பிளைவீலை, அதாவது கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் இன்ஜின் சக்கரத்தை, பாருங்கள். நீலத் திட்டு, முடி மாதிரி விரிசல், விரல் நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோங்கள். ஆழமான விரிசல் என்றால் கடைசல் பிடித்துப் பயன் இல்லை, மாற்ற வேண்டியதுதான். அந்தப் பக்கம் எண்ணெய் ஈரம் இருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீல் கசிகிறது, அதை இப்போது விட்டால் புதுப் பிளேட் ஒரே வாரத்தில் எண்ணெயில் ஊறிவிடும்.

பைலட் பேரிங்கை எடுக்க புல்லர் இல்லையா? அதன் ஓட்டைக்குள் கிரீஸை நிறைத்து, ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸ் பின்னால் போய் பேரிங்கைத் தானே வெளியே தள்ளும். கிரீஸ் இல்லாவிட்டால் நனைத்த செய்தித்தாளைத் திணித்தும் இதே வேலை செய்யலாம், எங்கள் தெருவில் இருக்கும் பழைய லாரி மேஸ்திரி அப்படித்தான் செய்வார். இரண்டில் எதைச் செய்தாலும், முடிந்த பிறகு அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

புதுப் பிளேட்

புது பிரஷர் பிளேட்டில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், அதைத் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். பிளேட்டைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கிரீஸ் கையோடு தொடாதீர்கள். பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸைப் பார்க்கும். எந்தப் பக்கம் என்று பிளேட்டிலேயே எழுதியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு தடவை ஷாஃப்ட்டில் போட்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, பல்லுக்கு மட்டும் லேசாக கிரீஸ் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

இப்போது நடுவில் நிறுத்துவது. பிளேட் நட்ட நடுவில் உட்காராவிட்டால் ஷாஃப்ட் பைலட் பேரிங்குக்குப் போய்ச் சேராது. சென்ட்ரிங் டூல் கிடைக்கும், இல்லையென்றால் பழைய கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம், லேத்தில் மரத்தில் கடைந்து வாங்குவதும் உண்டு. அதைச் செருகிவிட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் போடுங்கள். டூலைக் கையால் வெளியே இழுத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள், தடையில்லாமல் போய் வந்தால் சரி.

ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவாதீர்கள், உள்ளே அடைத்து வந்த கிரீஸ் கரைந்துவிடும். அது உட்காரும் குழாயிலும் அதைத் தள்ளும் ஃபோர்க்கின் முனையிலும் கொஞ்சம் கிரீஸ் போதும்.

ஏற்றுவது: நான் சொதப்பிய இடம்

கியர் பாக்ஸைத் தண்டவாளக் கம்பியில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பின்னால் ஃப்ளாஞ்சைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள், பல் பல்லோடு சேரும்போது ஒரு வழுக்கல் தெரியும். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும் இருந்தால் பின்பக்கம் தொங்குகிறது, ஜாக்கியை ஏற்றுங்கள்.

எனக்குக் கடைசி அரை அங்குலம் போகவே இல்லை. இரவு பத்து மணி, மச்சானுக்குக் கை சோர்ந்துவிட்டது, ஜாக்கியைத் தளர்த்திவிட்டு, போல்ட்டைப் போட்டு இறுக்கியே உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு சுற்று இறுக்கியதும் டக்கென்று ஒரு சத்தம், பெல் ஹவுசிங்கில் போல்ட் போகும் காது ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. அலுமினியம், விரல் நீளத் துண்டு. மறுநாள் காலையில் மேஸ்திரி வந்து அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“போல்ட்டு புடிச்சுக்கறதுக்குத் தம்பி, இழுக்கறதுக்கு இல்ல” என்றார். “எத்தனை நேரமா கியர் பாக்ஸ் பிளேட்டு மேல தொங்குச்சு?”

“பத்து நிமிஷம் இருக்கும் மாமா.”

“அப்ப பிளேட்டும் கோணியிருக்கும், கழட்டு.”

கழற்றினோம், கோணியிருந்தது. காதை ஆர்கன் வெல்டிங் வைத்து லேத்தில் மட்டம் பிடித்தேன், பிளேட் புதிதாக வாங்கினேன். இரண்டாவது தடவை மேஸ்திரி பின் ஜாக்கியை ஒரு விரல் அளவுக்குத்தான் உயர்த்தினார், ஃப்ளாஞ்சைச் சுற்றினார், கியர் பாக்ஸ் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. போகவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், வெளியே இழுத்துக் கோணத்தைச் சரிசெய்து மறுபடி தள்ளுங்கள். போல்ட் எல்லாம் கையாலேயே முழுதாகத் திருகிய பிறகுதான் ஸ்பேனர் எடுக்க வேண்டும். தண்டவாளக் கம்பிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போல்ட் போட மறக்காதீர்கள்.

மாட்டி முடித்த பிறகு

மற்றதெல்லாம் கழற்றிய வரிசைக்கு நேர் தலைகீழ். ஆயில் ஊற்றும்போது வண்டி மட்டமாக நிற்கட்டும், ஃபில்லர் ஓட்டையில் வழியும்வரை ஊற்றி மூடுங்கள். கிரேடு புத்தகத்தில் சொன்னதுதான். ஜி.எல்-4 தர ஆயில் கேட்கும் கியர் பாக்ஸுக்கு, டிஃபரன்ஷியலுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஜி.எல்-5 ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், அதிலிருக்கும் சில மருந்துகள் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும்.

ஹைட்ராலிக் லைனைத் திறந்திருந்தால் உள்ளே புகுந்த ஏரை வெளியே எடுங்கள். பெடலின் மேல் பக்கம் கொஞ்சம் ஃப்ரீ ப்ளே, அதாவது எதையும் அழுத்தாத வெறும் ஆட்டம், விட வேண்டும். அதுவே இல்லாமல் இறுக்கிவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுந்திக்கொண்டே இருந்து தேயும், பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும். ஸ்டாண்டில் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து எல்லா கியரையும் போட்டுப் பார்த்துவிட்டு இறக்குங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு லோடு ஏற்ற வேண்டாம், மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு வண்டியை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். நான் முதல் வாரம் பாலக்கோட்டிலிருந்து தக்காளிப் பெட்டி, அதுவும் பாதி லோடுதான் ஏற்றினேன்.

அன்றிரவு கியர் பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் என் அட்டையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சொட்டு. ஆயில் சீல்தான் போலிருக்கிறது, மறுபடி இறக்க வேண்டும் என்று வயிற்றைக் கலக்கியது. அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்தால், கசிவு ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச்சில். அதற்குப் போட வேண்டிய செம்பு வாஷர், போல்ட் குத்திய அட்டையிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது.