பழைய சிற்றலை வானொலிப் பெட்டி: வாங்குமுன் சோதிக்கும் முறை

பெங்களூரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் வாங்கிய முதல் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிப் பெட்டி, கடை வாசலில் எஃப்.எம். நிலையத்தைக் கணீரென்று பாடிக் காட்டியது. அல்சூரில் வீட்டு மாடிக்குக் கொண்டுபோய் சிற்றலையின் 31 மீட்டர் பட்டைக்கு மாற்றினால் வெறும் ‘உஸ்’ ஒலிதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சிற்றலையில் போட்டுக் காட்டும்படி நான்தான் கேட்கவில்லை.

முதலில் எதைத் தேடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முள் ஓடும் பழைய மரப்பெட்டிகள் அலமாரிக்கு அழகு. நிலையம் தேடப் பழகுபவருக்கு அலைவரிசையை எண்ணில் காட்டும் பெட்டிதான் வேண்டும். சோனி ஐ.சி.எஃப்-எஸ்.டபிள்யூ 7600 ஜி.ஆர்., டெக்சன் பி.எல்-660 ஆகிய இரண்டில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் நான் யோசிக்க மாட்டேன். டீஜன் டி.இ-1103-உம் நன்றாகக் கேட்கும். ஆனால் ஒலியைக் கூட்டிக் குறைக்க அதில் செய்ய வேண்டிய சர்க்கஸ் எனக்குப் பிடிக்காது.

சந்தைக்குப் புதிய பேட்டரிகளும், பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் முதலைக் கிளிப் ஒன்றைப் பொருத்திய ஐந்து மீட்டர் ஒயரும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரும் அடாப்டரில் சோதிக்க வேண்டாம். அதன் இரைச்சலே நிலையங்களை மூடிவிடும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஏரியல் ஒடிந்திருப்பது பெரிய குறையன்று, மாற்றிவிடலாம்.

நான் இடறிய இடம் அடுத்தது. பெரும்பாலான பெட்டிகளில் எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும் முகப்புச் சுற்று, அதாவது ஏரியலிலிருந்து வரும் அலையை முதலில் வாங்கும் பகுதி, தனித்தனி. மொட்டைமாடியில் நீளமாகக் கட்டிய ஒயரில் இடி மழைக் காலத்தில் சேரும் மின்னேற்றம் சிற்றலைப் பக்கத்து முதல் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிட்டாலும், எஃப்.எம். பழையபடியே பாடிக்கொண்டிருக்கும். சோனி ஐ.சி.எஃப்-2010 இந்த நோய்க்குப் பேர்போனது. ஆகவே சிற்றலையில் நிலையம் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தி, ஏரியலை முழுதும் மடக்கிக் கேளுங்கள். பிறகு மெல்ல நீட்டி, ஒயரையும் மாட்டுங்கள். இரைச்சல் தெளிவாக உயர வேண்டும். சந்தையின் எல்.இ.டி. விளக்குகள் எழுப்பும் கரகரப்பு உயர்ந்தாலும் சரி, பெட்டியின் காது உயிரோடிருக்கிறது என்று பொருள். ஏரியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஒலி என்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். பகலில் 15 மெகாஹெர்ட்ஸ் பக்கமும், பொழுது சாய்ந்தபின் 10-க்குக் கீழேயும் தேடுங்கள். சீனாவின் பி.பி.எம். நேரக்குறி நிலையம் 10,000 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கொரு ‘டிக்’ அனுப்புகிறது. மாலையில் அது பிடிபட்டால், திரையில் தெரியும் எண் சரிதானா என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

மலிவுப் பெட்டிகளில் ஒரே நிலையம் இரண்டு இடங்களில் கேட்கும். 9,700-இல் வலுவாக வருவது 8,790-இலும் வந்தால், இடைவெளி 910 கிலோஹெர்ட்ஸ்: அதாவது 455-இன் இரு மடங்கு. வரும் அலையைப் பெட்டி உள்ளே ஒரே ஒருமுறை மட்டும் 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றுகிறது (ஒற்றை மாற்றப் பெட்டி) என்பதற்கு அதுவே அடையாளம். ‘எவ்வளவு நிலையங்கள் எடுக்கிறது!’ என்று நானும் ஒருமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்பைக் கேட்கும்) வசதி இருந்தால் 7 மெகாஹெர்ட்ஸில் எல்.எஸ்.பி.க்கு (கீழ்ப் பக்கப்பட்டைக்கு) மாற்றி, அமெச்சூர் வானொலியாளர்களின் பேச்சை ஐந்து நிமிடம் கேளுங்கள். குரல் மெல்லமெல்லக் கீச்சென்றோ கட்டையாகவோ மாறிக்கொண்டே போனால் அலைவெண் நழுவுகிறது.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மேற்சொன்ன ஏரியல் சோதனையைச் செய்த வாசகர் ஒருவர், பெட்டி செவிடு என்று திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். பக்கவாட்டிலிருந்த சிறிய சுவிட்ச் ‘லோக்கல்’ நிலையில் இருந்திருக்கிறது. அதைத் தொலைதூர நிலையங்களுக்கான ‘டி.எக்ஸ்.’ பக்கம் தள்ளியதும், கடை வாசலிலேயே நிலையங்கள் வரிசையாக வந்தனவாம்.