ஆண்புணர்ச்சிக்காரர் என்ற ஒரு சொல்: தன்பாலுறவு வசனங்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்பாலுறவைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்ற விவாதத்தில் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் பகுதிகள் மிகச் சில: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10. சிலர் யூதா 7ஐயும் சேர்ப்பார்கள்.

அதிகம் சறுக்குவது 1 கொரிந்தியர் 6:9ல்தான். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று இருக்கிறது. முதல் சொல்லைச் சுயஇன்பம் என்று எடுத்துக்கொண்டு, வாலிபர் கூட்டத்தில் ஒரு பிரசங்கமே கட்டிவிடுகிறார்கள். கிரேக்க மூலத்தில் இருப்பது 'மலகோய்'. மென்மையானவர்கள் என்பது நேர்ப்பொருள். மத்தேயு 11:8ல் "மெல்லிய வஸ்திரம்" என்று வருவதும் அதே சொல்தான். ஆளைக் குறிக்கும்போது ஒழுக்கம் தளர்ந்தவன், பெண்தன்மை உள்ளவன், ஆணுக்கு இணங்குகிறவன் என்று பொருள் பல பக்கம் நீளும்.

அடுத்தது 'அர்செனொகொய்தாய்'. இந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு முன் இந்தச் சொல் எங்கும் கிடைத்ததில்லை. அர்சென் என்றால் ஆண், கொய்தே என்றால் படுக்கை. லேவியராகமம் 20:13ன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்தே நிற்கின்றன. பவுல் அங்கிருந்துதான் எடுத்தார் என்பது மரபுவழி வாசிப்பின் பலமான வாதம். பணத்துக்காகவோ சிறுவர்களிடமோ நடந்த சுரண்டலையே சொல் குறிக்கிறது என்பது மறுதரப்பு. பாகம் பிரித்துவிட்டாலே பொருள் முடிந்துவிடாது என்பது உண்மை. 'கைநாட்டு' என்பதைப் பிரித்தால் எழுத்தறியாதவர் வெளியே வருவாரா? ஆனால் லேவியராகமத்தின் எதிரொலியைக் காதில் விழாததுபோல் கடந்துபோவதும் நேர்மையல்ல.

ஆங்கிலத்தின் திருத்திய தர மொழிபெயர்ப்பு 1946ல் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்று போட்டது. 1971 பதிப்பில் அதை மாற்றியது. 1869ல் ஜெர்மன் மொழியில் அச்சேறிய அந்தச் சொல் ஒருவரின் ஈர்ப்பையும் குறிக்கும். பவுலின் பட்டியலோ செயலைப் பேசுகிறது. ஆகவே, தன்பாலீர்ப்பு உள்ள எவரையும் அந்தப் பட்டியலில் எழுதிவிடுவது தவறு. "1946க்கு முன் வேதத்தில் இது இல்லவே இல்லை" என்பதும் அதே அளவு தவறு. நம் மொழிபெயர்ப்பின் 'ஆண்புணர்ச்சிக்காரர்' அதற்கு முந்தியது.

ஆதியாகமம் 19ல் வரும் சோதோம் நகரத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். அங்கே ஊரார் கேட்டது விருந்தாளிகளை வன்புணர. நியாயாதிபதிகள் 19ல் கிபியாவில் இதே கோரிக்கை எழுகிறது. கடைசியில் பலியாவது ஒரு பெண். எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமமாகக் கெர்வத்தையும் ஆகாரத்திரட்சியையும் எளியவனைத் தாங்காததையும் சொல்கிறது. அங்கேயே நிறுத்துகிறவர்கள் 50ஆம் வசனத்து 'அருவருப்பை' விட்டுவிடுகிறார்கள்.

அந்த 'அருவருப்பு' தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. எபிரெயத்தில் அதே சொல்தான் நீதிமொழிகள் 11:1ல் கள்ளத்தராசுக்கும் வருகிறது. (தராசைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்?)

ரோமர் 1ஐ 32ஆம் வசனத்தோடு மூடுவது இன்னொரு பழக்கம். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பவுலின் வாக்கு ஓடிப்போய் மோதுவது 2:1ல், "போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்ற இடத்தில். அதனால் முதல் அதிகாரம் சொன்னது ரத்தாகிவிடாது. 'சுபாவத்துக்கு விரோதம்' என்பதையும் 11:24ஓடு வைத்துப் பாருங்கள்: புறஜாதியாரை (யூதரல்லாதவர்களை) தேவஜனம் என்ற ஒலிவமரத்தில் ஒட்டவைக்கும் தேவனின் செயலுக்கும் அதே தொடர்தான்.

"இயேசு இதைப்பற்றிப் பேசவேயில்லை" என்பது மௌனத்தை வைத்துச் செய்யும் வாதம். மத்தேயு 19:4-6ல் அவர் திருமணத்தை ஆதியாகமத்திலிருந்து எடுத்துப் பேசுகிறார் என்பதற்கும் பதில் வேண்டும். தாவீது, யோனத்தான் நட்பில் காதலைக் கண்டெடுப்பது வசனம் தாங்கும் பாரமல்ல.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையைச் சொல்கிறவர்கள் அதன் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2357ஆம் எண்ணை மட்டும் காட்டுவார்கள். தன்பாலுறவுச் செயல்களை அது ஏற்பதில்லை. தன்பாலீர்ப்பு உள்ளவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்று சொல்வது அடுத்த எண், 2358.