பல்லவன் ரயிலில் ஏறும் ஓவிய மாணவருக்கு: முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்குப் போகும் பிள்ளைக்கு வழி சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். மாமா மகன் அங்கே படித்திருப்பான், எதிர்வீட்டு அண்ணன் வேலை பார்ப்பார். ஓவியம் படிக்கப் போகிறவருக்கு அப்படி யாரும் அமைவதில்லை. அதனால் ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் பாதிக்குமேல் அவசரத்தால் வருபவை. இறங்கிய முதல் மாதமே சாமான் எல்லாம் வாங்கி, அறையும் பிடித்து, பேச்சிலும் நடையிலும் சென்னைக்காரராக மாறிவிட வேண்டும் என்கிற அவசரம்.

சாமானிலிருந்தே ஆரம்பிக்கலாம். இடம் கிடைத்தது உறுதியானதும் வீட்டில் சந்தோஷமாக ஒரு பட்டியல் போடுவார்கள். படத்தை நிறுத்தி வரையும் மடக்கு ஈசல், பெரிய வண்ணப் பெட்டி, விதவிதமான தூரிகைகள். சிங்கப்பூரிலிருந்து வரும் பெரியப்பாவிடம் சொல்லி வெளிநாட்டு வாட்டர்கலர். இவற்றில் பெரும்பகுதி முதல் பருவம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். அந்த மாதங்களில் கை தேடப்போவது 2பி, 4பி, 6பி பென்சில், கரித்துண்டு, ஒரு போர்டு, இரண்டு கிளிப், நிறையத் தாள். வண்ணத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஒவ்வொன்றிலும் சூடான சாயல் ஒன்று, குளிர்ந்த சாயல் ஒன்று, கூடவே பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் வெள்ளையும் போதும். மீதியைக் கலந்து எடுக்கப் பழகுவதுதான் பாடமே. முப்பத்தாறு நிறப் பெட்டி வைத்திருக்கிறவர் கலக்கவே மாட்டார்.

தாளை ஒவ்வொன்றாக வாங்குவதும் வீண் செலவு. நான்கைந்து பேர் சேர்ந்து பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள். காகித வியாபாரத்துக்குப் பேர்போன தெரு அது. பயிற்சிக்குச் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் போதும். வாட்டர்கலருக்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் கனத்தில் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும்.

அறை விஷயத்தில்தான் அதிகப் பணம் போகிறது. அரசு கவின்கலைக் கல்லூரி ஈவெரா பெரியார் சாலையில் இருக்கிறது. பல்லவனில் விடியுமுன் ஏறினால் மதியம் எழும்பூர் போய்விடலாம், அங்கிருந்து கல்லூரி நடக்கிற தூரம்தான். ஆனால் வாடகை குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊரின் மறுகோடியில் அறை எடுத்துவிட்டு, முழுத்தாள் அளவு போர்டைத் தூக்கிக்கொண்டு தினமும் நெரிசல் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் உண்டு. முதலில் விடுதிக்கு முயலுங்கள். கிடைக்காவிட்டால் திருவல்லிக்கேணி மேன்ஷன் போன்ற ஓர் இடத்தில் மாதவாடகைக்கு இருந்துகொண்டு, எந்தப் பக்கம் ஒத்துவருகிறது என்று பார்த்தபின் வீடு எடுக்கலாம். அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இருதரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைதான் வரம்பு. கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி வழியாகக் கிடைக்கும் பஸ் பாஸுக்கும், மின்சார ரயிலின் மாணவர் சீசன் டிக்கெட்டுக்கும் முதல் வாரமே விண்ணப்பம் கேட்டுவிடுங்கள்.

அறை பார்க்கும்போது ஓவிய மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஜன்னல் திறக்குமா? இருவர் இருக்கும் சிறிய அறையில், ஆயில் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் வாடை அடைந்தால் தலைவலி நிச்சயம், கூட இருக்கிறவர் இரண்டே நாளில் சண்டைக்கு வருவார். இன்னொன்றை யாரும் சொல்லித்தருவதில்லை. ஆயில் வண்ணத்தில் கலக்கும் லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியை வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள். வண்ணக் கையோடு சாப்பிட உட்காருவதும் வேண்டாம். காட்மியம், ஈயம் கலந்த நிறங்கள் உள்ளே போகக் கூடாதவை.

நம் ஊர் வறண்ட ஊர். பெட்டியில் போட்ட தாள் ஐந்து வருஷமானாலும் அப்படியே இருக்கும். சென்னை கடலோரம், காற்றில் எப்போதும் ஈரம். வாட்டர்கலர் அங்கே காய நேரம் எடுக்கும், அதனால் அடுத்த பூச்சைப் பொறுத்துத்தான் போட வேண்டும். சுவரோடு சாய்த்து வைத்த தாளில் பூஞ்சை பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015இலும் 2023இலும் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வரைந்தவற்றைப் பாலித்தீன் உறையில் போட்டுப் பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ வையுங்கள். அறையில் வருவது உப்பான போர்த் தண்ணீர் என்றால், வாட்டர்கலருக்குக் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீரில் சில நிறங்கள் திட்டுத்திட்டாகப் படியும்.

சரி, பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். இதைவிடப் பெரிய நஷ்டம், கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்க்காமல் நான்கு வருஷத்தை ஓட்டிவிடுவது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார், அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் போனில் படமெடுத்துக்கொண்டு சுற்றி வந்தால் மனதில் எதுவும் தங்காது. காவலரிடம் கேட்டுவிட்டு, ஒரு செப்புத்திருமேனியின் முன் பென்சிலோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள். அர்த்தநாரீசுவரரின் இரு பாதியிலும் இடுப்பு எப்படி வேறாக வளைகிறது என்பது வரையும்போதுதான் பிடிபடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்த் திரும்ப வேண்டாம். அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்க முடியாத கலைப் புத்தகங்களை அங்கே தேடிப் பாருங்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது. அங்கே கண்காட்சி திறப்பு விழாவுக்கு மட்டும் போனால் டீயும் கூட்டமும்தான். மறுநாள் போனால் ஓவியத்தின் அருகில் நிற்கலாம்.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஊரிலிருந்து வந்ததை மறைப்பது. முதல் டிசைன் வேலை கொடுத்ததும் எல்லாரும் போனைத் திறந்து யாரோ எங்கோ போட்டதைப் பார்த்து வரைகிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் நிறச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்தபின் சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்துவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளையும் இதைச் செய்கிறது. ஒரு சதுரத்தை நான்கு பக்கமும் திருப்பி வைத்தால் தரை முழுக்க எப்படிக் கோலமாகும் என்பது அந்தப் பிள்ளைக்குக் கேட்காமலே தெரியும். கொட்டான் முடைகிற வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஓலை மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று விரல் சொல்லும். நடுவீட்டுக் கோலத்தை அரிசிமாவில் கைநடுக்கமில்லாமல் இழுக்கிறவருக்கு, கோட்டைப் பற்றி வகுப்பில் புதிதாகச் சொல்லவும் அதிகம் இல்லை. இதெல்லாம் கைத்தொழில்தானே, கலையில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். இந்தக் கல்லூரியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்ததே தொழிற்கலைகளைக் கற்றுத்தரத்தான். முட்டுக்காட்டில், பழைய தென்னிந்திய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தக்ஷிணசித்ராவுக்குப் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நம் தெருவில் பூட்டிக்கிடக்கும் வீட்டை அங்கே ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஆங்கிலத்தில் பேச வராது என்று வகுப்பில் வாயைத் திறக்காமல் இருப்பதும் இதே ரகம். சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள்.

பகுதிநேர வேலையில் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒரு சாரார் பள்ளிச் சுவரில் படம் வரைவதைக் கேவலமாக நினைக்கிறார்கள். இன்னொரு சாரார் முன்பணம் வாங்காமல், என்ன வேலை, எத்தனை சதுர அடி, எத்தனை முறை திருத்தலாம் என்று எழுதி வாங்காமல் இறங்கி, வகுப்பையும் விட்டு, காசையும் விடுகிறார்கள். முதல் சாராருக்கு ஒரு தகவல். கே.சி.எஸ். பணிக்கர் கல்லூரி முதல்வராக இருந்தபோது 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம், ஓவியர்கள் பாத்திக் முதலான கைவினைப் பொருள்கள் செய்து விற்ற பணத்தில் எழுந்தது. இரண்டாவது சாராருக்கு, பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வேலைகளை மடித்துப் பையில் திணிக்காதீர்கள். காய்ந்த ஆயில் கேன்வாஸைச் சுருட்ட வேண்டியிருந்தால், வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான பிவிசி குழாயின் மேல் தளர்வாகச் சுற்றுங்கள். வண்ணம் உள்பக்கமாக இருந்தால் நசுங்கி வெடிக்கும். கரியில் வரைந்தவற்றுக்கு, கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவ் அடித்து, இடையிடையே வெண்தாள் வையுங்கள்.

கொண்டுவரும் ஓவியக் கட்டுக்குள் மனித உடலைப் பார்த்து வரைந்த படங்களும் இருக்கலாம். எலும்பும் தசையும் தோலுக்கடியில் எப்படி அசைகின்றன என்று தெரியாமல் உடையை வரைய முடியாது, அதனால் அது ஓவியப் படிப்பின் அடிப்படைப் பாடம். வீட்டில் ஆயாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஊருக்கு வருமுன்பே போனில் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கட்டைப் பிரித்துப் பார்த்தால், அப்புறம் பொங்கல் விடுமுறை முழுக்க விளக்கம் சொல்லியே போய்விடும்.